குடிக்காதவரின் தள்ளாட்டம்

கண்ணு,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்கப் போவதில்லை. நேற்றுத்தான் போனில் கேட்டேன், நல்லா இருக்கோம்மா என்று நீயும் சொன்னாய். குழந்தை நன்றாகப் பால் குடிப்பதையும் கவிதாவுக்கு இடுப்பு வலி குறைந்ததையும் சொன்னாய். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "முப்பதாம் நாள் தொட்டில் போட்டுப் பேர் வெக்கறோம். நீ மட்டும் வாம்மா. அப்பா வேண்டாம். கவிதா ஊட்டு ஆளுங்க அத்தன பேரும் வருவாங்க, இன்னொருக்கா மானம் போனா என்னால தாங்க முடியாது" என்றாய். நான் வாயைத் திறப்பதற்குள் "சரிம்மா, வெக்கறேன்" என்று வைத்தும் விட்டாய். அப்பா பேச்சு எடுத்தாலே உனக்கு இந்த "சரிம்மா, வெக்கறேன்" வந்துவிடுகிறது. அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். காகிதத்தை நீ நடுவில் வைத்தாலும் அது எடுத்த இடத்திலிருந்து மறுபடியும் பேசும்.

உனக்குத் தெரியாத ஒன்று உண்டு. நீ போன் பண்ணும்போதெல்லாம் நான் ஸ்பீக்கரில்தான் போடுவேன். எனக்குக் காது கேட்காமல் இல்லை. அடுப்படியில் உன் அப்பா உட்கார்ந்திருப்பார். உன் குரல் வந்தால் கையில் இருக்கிற டம்ளரைக்கூட ஓசைப்படாமல் கீழே வைப்பார். பின்னால் குழந்தை அழுதால் என்னைப் பார்த்துக் கண்ணால் சிரிப்பார். நேற்றும் அப்படித்தான் இருந்தார். நீ "அப்பா வேண்டாம்" என்றதும் அவர் காதில் விழுந்தது. எழுந்து போய் மழைக்கு நனையாமல் இருந்த விறகை எடுத்து வேறு இடத்தில் அடுக்கினார். கொஞ்ச நேரம் கழித்து வந்து, "நீ போய்ட்டு வா புள்ள. கொழந்தைக்கு மஞ்சக் கலர்ல ஒரு சொட்டர் எடுத்துட்டுப் போ. நா வந்து என்ன பண்ணப் போறேன்" என்றார். எனக்கு அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழ வேண்டும்போல இருந்தது. அழவில்லை. சோறு ஆறிப்போகிறது என்று சத்தம் போட்டேன். என் குணம் உனக்குத் தெரியும், அழுகை வந்தால் கத்துவேன்.

உன் கோபத்தில் நியாயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். நீ நாலாம் வகுப்பு படிக்கும்போது நடந்ததை நானும் மறக்கவில்லை. கோத்தகிரியில் பஸ்ஸுக்கு நின்ற உன்னைக் கூட்டிவரப் போனவர் குடித்துவிட்டு வந்தார். ரோட்டோடு வந்திருந்தால்கூடப் பரவாயில்லை, குறுக்கு வழி என்று மஞ்சு மூடின நேரத்தில் தேயிலைக் காட்டுச் சரிவில் உன்னை இறக்கிக் கூட்டிவந்தார். இரண்டு பேரும் உருண்டீர்கள். உன் முழங்கை இன்றைக்கும் முழுதாக நீளாது. சட்டை மாட்டும்போதெல்லாம் அது உனக்கு அவரை ஞாபகப்படுத்தும் என்று எனக்குத் தெரியும். உனக்குக் கட்டுப் போட்ட அன்றைக்கு அவர் ஆஸ்பத்திரிக்குள் வரவேயில்லை, வெளியே மழையில் நின்றார். அதற்கு முன்னால் நாலு தடவை கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்து நாலு தடவையும் மீறியவர். இந்தத் தடவை ஒரு சத்தியமும் செய்யவில்லை. குடியை அப்படியே விட்டுவிட்டார். தீபாவளிக்கும் தொடவில்லை, உன் மாமன் செத்த வீட்டிலும் தொடவில்லை. தேயிலை ஃபேக்டரியில் அவரோடு வேலை செய்தவர்கள் "குளுருக்கு ஒரு மடக்கு" என்று நீட்டினபோது எழுந்து வந்துவிடுவார் என்று அவர்களே என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

குடியை விட்டார், தூக்கம் வந்து சேர்ந்தது. குறட்டை என்றால் உனக்குத் தெரியாததா? காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படித்தவன்தானே நீ. பக்கத்து வீட்டு சரோஜா, "ஏனுங்க்கா, ஃபேக்டரில பகல்ல ஓடற ரோலரு ராத்திரிக்கு உங்க ஊட்லதான் ஓடுதுங்களாட்ட" என்று கேலி பண்ணுவாள். நானும் சிரிப்பேன். பெருமையாகக்கூட இருந்தது என்றால் நம்புவாயா? பச்சை இலையை வாடவைக்கிற தொட்டியில் இரவெல்லாம் பரப்பிப் புரட்டுகிற உடம்பு, அசந்து தூங்குகிறது, குறட்டை விடுகிறவன் கவலையில்லாதவன் என்றுதான் நினைத்தேன். நீ பன்னிரண்டாம் வகுப்பு வந்த வருஷம், காலையில் அங்கன்வாடி திறக்க எழுந்திருக்க முடியவில்லை என்று பாயைச் சுருட்டிக்கொண்டு அந்தப் பக்கத்து அறைக்குப் போனேன். போனவள் திரும்பி வரவில்லை. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் எடை பார்த்து, உயரம் பார்த்து, ஒரு பிள்ளை இரண்டு நாள் சோர்ந்திருந்தால் தாயைக் கூப்பிட்டு விசாரிக்கிறவள் நான். என் வீட்டில் ஒரு மனிதன் எப்படித் தூங்குகிறான் என்று பன்னிரண்டு வருஷம் எட்டிப் பார்க்கவில்லை. ஊருக்கு உபதேசம் என்பது இதுதான்.

கொஞ்சம் கொஞ்சமாக வந்தது அது. பஸ் ஏறி உட்கார்ந்தால் கட்டபெட்டு தாண்டுவதற்குள் தூங்கிவிடுவார். சோற்றைப் பிசைந்துகொண்டே கண் சொருகும். காலையில் எழுந்தால் தலை கனக்கிறது என்பார், வாய் காய்ந்துகிடக்கும். நைட் ஷிஃப்ட் பார்க்கிற ஆள், பின்னே எப்படி இருக்கும் என்று விட்டுவிட்டேன். பிறகு நடை மாறியது. முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடினால் ஒரு கை சுவரைத் தேடும். திரும்பும்போது ஒரு அடி கூடுதலாக விழும். பொழுது சாய்ந்த பிறகு நம் வீட்டுப் படியிலேயே தடுமாறுவார். தடுமாறுகிற ஆண்பிள்ளையைப் பார்த்தால் நம் ஊரில் வேறு காரணம் யாருக்காவது தோன்றுமா? எனக்கும் தோன்றவில்லை. தேநீர் கொடுக்கிற சாக்கில் பக்கத்தில் குனிந்து வாயை மோந்து பார்ப்பேன். ஒரு வாசமும் இருக்காது. அவருக்கு அது தெரிந்துவிட்டது. ஒருநாள், "ஊதிக் காட்டட்டா புள்ள? போலீஸ்காரன் தோத்தான் போ" என்று சிரித்தார். சிரித்தாரே தவிர, டம்ளரை வாங்கிக்கொண்டு வெளியே போய்த்தான் குடித்தார்.

அதோடு விட்டேனா? வாசனையே வராத ஏதோ ஒரு சரக்கு புதிதாக வந்திருக்கிறது என்று நானே முடிவு கட்டினேன். ரோட்டோரம் இருக்கிற நம் அரை ஏக்கர் தேயிலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை செடி செடியாகப் புகுந்து தேடினேன். பாட்டில் கிடைத்தது. ஒன்றா இரண்டா, ஒரு சாக்கு நிறையக் கிடைத்தது. அத்தனையையும் கொண்டுவந்து துணி துவைக்கிற கல்லின்மேல் வரிசையாக அடுக்கி வைத்துவிட்டு அவர் வரக் காத்திருந்தேன். வந்தார், பார்த்தார். "இதெல்லாம் டூரிஸ்ட்டுக காருல இருந்து வீசிட்டுப் போறது. உனக்குத் தெரியாதா?" என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மாட்டுக் காலில் குத்திவிடும் என்று அத்தனையையும் மறுபடி சாக்கில் கட்டிப் பழைய சாமான் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார். நம் காட்டோரம் சனி ஞாயிறில் வண்டி நிறுத்துகிறவர்கள் வீசுவதை நான் தினமும் பார்க்கிறவள். அன்றைக்கு என் கண்ணுக்கு அது தெரியவில்லை. சந்தேகம் வந்துவிட்டால் கண் எதற்கு இருக்கிறது?

இந்த லட்சணத்தில்தான் உன் கல்யாணம் வந்தது. விடிகாலை முகூர்த்தம் என்று நாம் எல்லோரும் முதல்நாள் சாயந்திரமே வேனில் பல்லடத்துக்கு இறங்கினோம். அதற்கு முந்தின இரண்டு இரவும் லீவு கிடைக்காமல் ஃபேக்டரியில் நின்றிருந்தார். மண்டபத்தில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவர் தூங்கினதைப் பார்த்து உன் பெரியப்பா பிள்ளைகள் போட்டோ எடுத்துச் சிரித்தார்கள். விடிந்ததும் குளித்து, பட்டு வேட்டி கட்டி, தாலித் தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு பெரியவர்களிடம் ஆசி வாங்கப் படி இறங்கினார். இரண்டாவது படியில் அந்தக் கூடுதல் அடி விழுந்தது. தட்டு சரிந்தது, அட்சதை எல்லாம் கொட்டியது, அவர் வாழைமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். தாலியைக் கவிதாவின் அத்தை தரையில் படுவதற்குள் பிடித்துவிட்டாள், அந்தப் புண்ணியவதி நன்றாக இருக்கட்டும். கவிதாவின் சித்தப்பா, "ஏனுங், சம்பந்தி விடியறதுக்குள்ளயே ஆரம்பிச்சுட்டாருங்களா" என்றார். சிலபேர் சிரித்தார்கள். நீ மணவறையில் இருந்து, "இன்னிக்கு ஒரு நாளாச்சும் சும்மா இருந்திருக்கக் கூடாதாப்பா" என்றாய். மெல்லத்தான் சொன்னாய், ஆனால் மைக் பக்கத்தில் இருந்தது.

அதற்குப் பிறகு நீ என்னைப் பார்த்தாய். அதைத்தான் நான் இந்தக் காகிதத்தில் எழுத வேண்டும். அதற்காகத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வந்தேன். நீ என்னிடம் கேட்டாய், கண்ணு. வாயால் கேட்கவில்லை, ஆனால் கேட்டாய். இல்லை, உன் அப்பா குடிக்கவில்லை என்று நான் தலையை ஒரு தடவை ஆட்டியிருந்தால் போதும், நீ என்னை நம்பியிருப்பாய். நான் தலையைக் குனிந்துகொண்டேன். முப்பது வருஷமாக அவரோடு ஒரு வீட்டில் இருக்கிறவளே தலை குனிந்தால் ஊர் என்ன நினைக்கும், நீ என்ன நினைப்பாய்? அதன்பின் மறுவீட்டுக்கு வந்து ஒரு வேளை சாப்பிட்டுப் போனவன்தான், இரண்டு வருஷமாக நீ இந்தப் படி ஏறவில்லை. உன்னை வரவிடாமல் செய்தது உன் அப்பாவின் கால் இல்லை. என் தலை.

அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு ஃபேக்டரியிலும் அவரை நிறுத்திவிட்டார்கள். ரோலர் பக்கத்தில் ஒருநாள் கால் தடுக்கியதைப் பார்த்த முதலாளி, "நாளைக்கு மெஷின்ல கைய வுட்டுட்டா யாருங்க பதில் சொல்றது?" என்று கேட்டாராம். அவரைக் குறை சொல்ல முடியாது. போன வருஷம் ஐப்பசி மழையில் நம் தேயிலைச் செடிகளைக் கவாத்து வெட்டப் போனவர் சரிவில் விழுந்து நெற்றி கிழிந்து வந்தார். நான் அப்போதும் முதலில் வாயைத்தான் மோந்தேன், பிறகுதான் ரத்தத்தைத் துடைத்தேன். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. குன்னூரில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். தையல் போட்டார்கள். ஸ்கேன் எடுத்தார்கள், காது பார்த்தார்கள், பிரஷர் ஏறியிருக்கிறது என்று மாத்திரை கொடுத்தார்கள். குடிப்பாரா என்று கேட்டார்கள். எப்படித் தூங்குவார் என்று யாரும் கேட்கவில்லை. மூன்றாம் தடவை போனபோது டோக்கன் வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பட்டப்பகல், சுற்றிலும் ஜனம், பிள்ளைகள் அழுகிற சத்தம். உன் அப்பா சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டார். குறட்டை கிளம்பியது. நான் மானம் போகிறதே என்று முழங்கையால் இடித்துக்கொண்டிருந்தேன்.

அந்த வழியாகப் போன ஒரு நர்ஸ் பெண் நின்றாள். கல்யாணமாகாத சின்னப் பெண், கோத்தகிரிப் பக்கம் என்று பிறகு சொன்னாள். "இடிக்காதீங்கம்மா, கொஞ்சம் இருங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு தன் கடிகாரத்தைப் பார்த்தாள். குறட்டை சட்டென்று நின்றது. அப்பாடா என்றிருந்தது எனக்கு. அவள் மட்டும், "பாருங்க, நெஞ்சப் பாருங்க" என்றாள். பார்த்தேன். நெஞ்சும் வயிறும் எம்புகிறது, ஆனால் மூக்கிலும் வாயிலும் காற்று இல்லை. அவள் எண்ணிக்கொண்டே இருந்தாள். அப்புறம் தண்ணீருக்குள் இருந்து தலையைத் தூக்கினவர்போல ஒரு பெரிய மூச்சை இழுத்து, உடம்பு தூக்கிப்போட்டு, மறுபடி குறட்டை தொடங்கியது. கண் திறக்கவேயில்லை. "ஏனுங்கம்மா, ஐயா ஊட்லயும் இப்பிடித்தான் தூங்குவாருங்களா? மூச்சு நின்னு நின்னு வருதுங்களே?" என்று கேட்டாள். "தெரியாதுங்க கண்ணு" என்றேன். சம்சாரம் நீங்கதானே என்பதுபோல என்னைப் பார்த்தாள்.

அவள்தான் டாக்டரிடம் சொல்லி, கோயம்புத்தூருக்கு எழுதிக்கொடுக்க வைத்தாள். அங்கே ஒரு இரவு முழுக்கத் தலையிலும் நெஞ்சிலும் ஒயர் ஒட்டிப் படுக்கவைத்துப் பார்த்தார்கள். மறுநாள் டாக்டர் எங்களை உட்காரவைத்துச் சொன்னது எனக்குப் புரிந்த அளவில் இதுதான். தூங்கும்போது தொண்டைச் சதை தளர்ந்து மூச்சுப் போகிற வழியை அடைத்துவிடுகிறது. ரத்தத்தில் காற்று குறைகிறது. மூளை பயந்துபோய் ஆளை லேசாக உசுப்பி மூச்சு விடவைக்கிறது. இவருக்கு எழுந்த ஞாபகமே இருக்காது. இப்படி இரவெல்லாம் நடந்தால், எட்டு மணி நேரம் படுத்திருந்தும் தூங்காத ஆள்தான் அவர். நாம் நிற்பதும் நடப்பதும் காதின் உள்ளே இருக்கிற ஒரு உறுப்பு, கண், பாதம் மூன்றும் சொல்கிற சேதியை மூளை சேர்த்துப் பார்ப்பதால்தானாம். தூக்கம் கெட்ட மூளை அந்தச் சேதியைத் தாமதமாகப் படிக்கிறது, கால் தாமதமாகப் போகிறது. "இது ஒண்ணுதான் காரணம்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேங்க. வயசு இருக்கு, பிரஷர் இருக்கு. ஆனா இதைச் சரிபண்ணாம விட்டா மத்தது எதைப் பண்ணியும் பிரயோஜனம் இல்ல" என்றார். மறைக்காமல் சொன்னார், அதனால் எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது.

உன் அப்பா அவ்வளவு நேரமும் வேட்டி முனையைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில் கேட்டார்: "ஏனுங் டாக்டர், நா ஒரு காலத்துல குடிச்சவனுங்க. இருவது வருசமாச்சு வுட்டு. அந்தப் பாவம்தானுங்களா இது?" டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "இப்பக் குடிச்சா இந்த வியாதி இன்னும் மோசமாகும், அதனால தொடாதீங்க. இருவது வருசம் முன்னாடி விட்டதை எதுக்குங்க இன்னும் தூக்கிட்டுத் திரியறீங்க?" என்றார். வெளியே வந்ததும் உன் அப்பா ஆஸ்பத்திரி வாசலில் நின்று துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். எனக்குக் கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்கு ஒருநாள்தான்.

அன்று பஸ்ஸில் வரும்போது அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். மேட்டுப்பாளையம் தாண்டி வளைவு ஏறுகிறவரை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் வெளியே பார்த்துக்கொண்டே வந்தேன். "ஏனுங்க, கல்யாணத்தன்னிக்கு நானும் அப்பிடித்தான் நெனச்சேனுங்க" என்றேன். "தெரியும் புள்ள. நீ தல குனிஞ்சத நானும் பாத்தேன்" என்றார். அவரே சொன்னார்: "எனக்கே சந்தேகமா இருந்துச்சு. குடிக்காமயே கால் போவுதே, பழசு இன்னும் ஒடம்ப வுட்டு எறங்கலியோன்னு நெனச்சுக்கிட்டேன்." தான் குடிக்கவில்லை என்று அன்றைக்கே உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். "பத்து வருசம் பொய் சொன்ன வாயி. ஒருநாள் நெசத்தச் சொன்னா எடுபடுமா? பையன் கை வளஞ்சு கெடக்கு. அவன் சொன்னா சொல்லிட்டுப் போறான்" என்றார். உன்மேல் அவருக்குக் கோபமே இல்லை, கண்ணு. கோபம் இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும், உங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சண்டை போடவிட்டிருப்பேன்.

உனக்கு நான் சொல்லாமலும் இல்லை. அப்பாவுக்குத் தூக்கத்தில் மூச்சு நிற்கிறதாம் என்று ஒரு தடவை ஆரம்பித்தேன். "குடிச்சா எல்லாந்தான் நிக்கும். சரிம்மா, வெக்கறேன்" என்றாய். அப்போதாவது நான் மறுபடி போன் போட்டிருக்க வேண்டும். இன்னொரு நாள் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன். நீ பேசுகிற அந்த ஐந்து நிமிஷத்தையும் சண்டையில் இழந்துவிடுவேனோ என்ற பயம். தாய்க்கு அந்தப் பேராசை உண்டு.

இப்போது ஆறு மாதமாக ஒரு மெஷின் இருக்கிறது. மூக்கில் மாஸ்க் மாட்டிக்கொண்டால் அது காற்றைத் தள்ளித் தொண்டை அடைக்காமல் பார்த்துக்கொள்கிறது. முதல் பத்து நாள் "யானைத் தும்பிக்கை" என்று பிடுங்கிப் பிடுங்கி எறிந்தார். நான் விடவில்லை, மாஸ்க் இல்லாவிட்டால் காலையில் காப்பி இல்லை என்றுவிட்டேன். என் பாயைச் சுருட்டிக்கொண்டு பழைய அறைக்கே வந்துவிட்டேன். மலையில் மழைக்காலத்தில் கரண்ட் இருப்பது நம் கையிலா? போனால் மெஷின் நின்றுவிடும், எனக்கு உடனே விழிப்பு வந்துவிடும். அவரை ஒருக்களித்துப் படுக்கச் சொல்லிவிட்டு, கரண்ட் வருகிறவரை மூச்சைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எடையும் குறைந்திருக்கிறார். பகலில் தூங்குவது நின்றுவிட்டது, காலைத் தலைவலி இல்லை. நடைக்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார்கள், குதிகாலும் விரலும் தொடும்படி நேர்கோட்டில் நடக்க வேண்டும், ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். வாசலில் அவர் அதைச் செய்வதைப் பார்க்க எனக்குச் சிரிப்பு வரும். முழுதாகச் சரியாகிவிட்டது என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். சரிவில் இறங்க இன்னும் கம்பு வேண்டும், இருட்டினால் என் தோளைப் பிடிப்பார். ஆனால் அவர் கடைசியாக விழுந்து எட்டு மாதமாகிறது.

இனி உன் விஷயம். கவிதா போன வாரம் பேசும்போது, "அத்தை, உங்க பையன் ராத்திரியில டிராக்டர் ஓட்டறாருங்க, கொழந்தை அழற சத்தமே கேக்கல" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன், போனை வைத்த பிறகு எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. உனக்கு அவருடைய கழுத்துதான், அவருடைய மோவாய்தான், இப்போது திருப்பூர்ச் சாப்பாட்டில் அவருடைய தொப்பையும் வந்துவிட்டது. கம்பெனி விட்டு வந்து உட்கார்ந்த இடத்தில் கண் சொருகுகிறது என்று நீயே சொன்னாய். குறட்டை விடுகிற எல்லோருக்கும் இது இருக்காது, ஆனால் ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிடு. காலையும் மாலையும் பைக் ஓட்டுகிறவன் நீ. கவிதாவிடமும் நான் சொன்னதாகச் சொல்: குறட்டை தாங்காமல் பக்கத்து அறைக்குப் போனாலும் போகட்டும், போவதற்கு முன் ஒரு இரவு உட்கார்ந்து உன் நெஞ்சைப் பார்க்கட்டும். மாமியார் புத்தி சொன்னால் மருமகளுக்குக் கசக்கும், இதை மட்டும் கசப்பு மாத்திரையாக நினைத்து விழுங்கச் சொல்.

உன் வீட்டுத் தொட்டிலுக்கு நான் எப்படி ஏங்குகிறேன் என்று எழுத எனக்குத் தெரியவில்லை. பிள்ளை பிறந்த அன்றே கிளம்பினேன், மண் சரிந்து ரோட்டை அடைத்துவிட்டது, பாதி வழியில் பஸ்ஸைத் திருப்பிவிட்டார்கள். பிறகு முப்பதாம் நாள் வந்தால் போதும் என்றாய். ஊர்ப் பிள்ளைகளை இருபத்தைந்து வருஷம் தூக்கி எடை பார்த்த கை இது, என் பேத்தி எவ்வளவு கனம் என்று இந்தக் கைக்கு இன்னும் தெரியாது. போனில் நீ அனுப்பின படத்தை உன் அப்பா விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்து, இப்போது அதில் மூக்கு மட்டும்தான் தெரிகிறது. பேர் வைக்கிற அன்று தாத்தா மடியில் பிள்ளையை வைத்துக் காதில் மூன்று தடவை பேர் சொல்வது நம் வழக்கம். அதை உன் மாமனார் செய்துவிடுவார் என்று நீ ஏற்பாடு செய்திருப்பாய். அவர் நல்ல மனிதர், நான் குறை சொல்லவில்லை. ஆனால் போன வாரம் நான் சும்மா கேட்டுப் பார்த்தேன், பிள்ளையைக் கொடுத்தால் தூக்குவீர்களா என்று. "நின்னுட்டு வாங்க மாட்டேன் புள்ள. கீழ சம்மணம் போட்டு உக்காந்துக்கறேன், சுவத்துல சாஞ்சுக்கறேன். அப்ப மடில வெக்கச் சொல்லு" என்றார். தன் கால் எவ்வளவு தாங்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. உன் பிள்ளைக்கு அவரால் ஒரு கீறல் வராது.

நீ "நீ மட்டும் வாம்மா" என்றாய். அதற்கு என் பதிலைக் கேட்காமல் வைத்துவிட்டாய், இதோ சொல்கிறேன். உன் அப்பா அன்றைக்குக் குடிக்கவில்லை. அதற்கு முன்னால் பதினெட்டு வருஷமும் குடிக்கவில்லை, பின்னாலும் குடிக்கவில்லை. இதை அந்த மண்டபத்தில் அத்தனை பேர் முன்னால் நான் சொல்லியிருக்க வேண்டும். தொட்டில் போடுகிற அன்று அதே ஆட்கள் வருவார்கள் அல்லவா, அவர்கள் முன்னால் சொல்கிறேன், கவிதாவின் சித்தப்பாவிடம் முதலில் சொல்கிறேன். கூட்டத்தில் உன் அப்பா ஒரு அடி தடுமாறினாலும் தடுமாறுவார், நான் பக்கத்தில் நின்று தோளைக் கொடுப்பேன், யார் பார்த்தாலும் பார்க்கட்டும். அவர் வேண்டாம் என்று நீ சொன்னால் நானும் வரவில்லை. பேத்தியைத் தொடாமலே இன்னும் எத்தனை மாதம் போனாலும் போகட்டும். அவரை விட்டுக்கொடுத்து ஒரு தடவை தலை குனிந்து நின்றுவிட்டேன். இன்னொரு தடவை மாட்டேன்.

அம்மா